கரண்ட் சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை

செஞ்சியில் ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒரு தாயும் மகனும் நம்மிடம் வந்தார்கள். வீட்டுப் பெரியவர் மூன்று வாரமாகப் பேசுவதில்லை, சோறு தொடுவதில்லை. மின் அதிர்வு சிகிச்சை தர வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "ஹஜ்ரத், கரண்ட் வைத்தால் மூளை கெட்டுவிடுமாமே?" என்று அந்தத் தாய் அழுதார்.

நாம் மருத்துவர் அல்ல. மனநல மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை, இதே கேள்வியோடு இருக்கும் குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.

சிகிச்சை என்பது என்ன?

1938இல் இத்தாலியின் ரோம் நகரில் தொடங்கிய முறை இது. சினிமாவில் காட்டுவது போல விழித்திருப்பவரைக் கட்டிவைத்து இன்று செய்வதில்லை. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் ஊசியும் போட்ட பிறகு, சில வினாடிகள் மட்டும் மின்சாரம் செலுத்துகிறார்கள். மூளையில் ஏற்படும் வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். வாரத்துக்கு 2 அல்லது 3 முறை என, பொதுவாக 6 முதல் 12 முறை தரப்படும். தலைவலி, உடல்வலி, சில நாள் குழப்பம், அண்மை நிகழ்வுகளில் மறதி ஆகியவை வரலாம். மறதி பெரும்பாலோருக்கு மெல்லக் குறையும். சிலருக்குச் சில நினைவுகள் திரும்பாமலும் போகலாம். இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

யாருக்குப் பொருந்தும்?

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக இருப்பவர், உணவை மறுக்கும் அளவு மனச்சோர்வு உள்ளவர், அசையாமல் பேசாமல் உறைந்துபோனவர், மருந்துக்குக் கட்டுப்படாத மனஎழுச்சி உள்ளவர் ஆகியோருக்கு இது விரைவாகப் பலன் தரும். முதியவர்களுக்கும், தேவைப்பட்டால் கர்ப்பிணிகளுக்கும்கூடத் தருகிறார்கள்.

மூளைக்குள் அழுத்தம் அதிகரித்திருப்பவர், மூளையில் கட்டி உள்ளவர், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், விழித்திரை பிரிந்தவர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். ஆபத்தையும் பலனையும் எடைபோட்டு மருத்துவர்களே முடிவெடுப்பார்கள்.

மருந்துகள்

நம் குடும்பங்கள் அதிகம் தவறுவது இங்கேதான். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

* லித்தியம்: சிகிச்சைக்குப் பின் குழப்பத்தைக் கூட்டலாம். அளவைக் குறைக்கவோ முந்தைய இரவு நிறுத்தவோ சொல்வார்கள்.
* லோராசெபாம், குளோனாசெபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள்: வலிப்பு வருவதைத் தடுத்துச் சிகிச்சையின் பலனைக் குறைக்கும். ஆனால் நாமாகத் திடீரென நிறுத்தினால் வேறு ஆபத்து வரும்.
* வலிப்பு மாத்திரைகள்: வால்புரோயேட், கார்பமாசெபைன் போன்றவையும் அப்படியே. வலிப்பு நோய்க்காகச் சாப்பிடுபவர் நிறுத்தவே கூடாது. அளவை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.
* தியோஃபிலின்: ஆஸ்துமாவுக்குத் தரப்படும் இது வலிப்பை ஆபத்தான அளவுக்கு நீட்டிவிடலாம். கட்டாயம் சொல்லுங்கள்.
* சர்க்கரை மருந்து: வெறும் வயிற்றில் இன்சுலினோ மாத்திரையோ எடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். அன்றைய வேளையை எப்போது எடுப்பது என்று கேளுங்கள்.
* இரத்த அழுத்த மாத்திரை: பலவற்றைக் காலையில் ஒரு மிடறு தண்ணீரோடு எடுக்கச் சொல்வார்கள். கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, நம் செஞ்சிப் பக்கம் போன்ற விவசாயப் பகுதிக்கு மிக முக்கியமானது. நோயாளி அண்மையில் பூச்சிமருந்து குடித்திருந்தால், மானம் போகும் என்று மறைக்காதீர்கள். பல பூச்சிமருந்துகள், தசை தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசியை உடல் சிதைப்பதைத் தடுத்துவிடும். சில நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு நீண்ட நேரம் திரும்பாது. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் இப்படி நேர்ந்திருந்தாலும் சொல்ல வேண்டும். சாப்பிட்டுவரும் நாட்டு மருந்தையும் சொல்லுங்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95ஆம் பிரிவில், மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் இல்லாமல் இச்சிகிச்சை தருவதைத் தடை செய்கிறது. 18 வயது நிரம்பாதவருக்கும் தடைதான். மிகத் தேவை என்றால் பாதுகாவலரின் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். அவசர சிகிச்சை என்ற பெயரிலும் இதைத் தர முடியாது. ஆகவே நிதானமாகக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நோன்பும் துஆவும்

சிகிச்சைக்கு முன் வெறும் வயிறு அவசியம். திட உணவு குறைந்தது 6 மணி நேரம் கூடாது. "ஒரு வாய் டீதானே" என்று கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம். ரமளானில் லித்தியம் சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்க வேண்டாம். உடலில் நீர் வற்றினால் அந்த மருந்தே நஞ்சாகும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். துஆ செய்வோம், ஆனால் துஆவைக் காரணம் காட்டி மருத்துவத்தைத் தள்ளிப்போட வேண்டாம். செஞ்சி, திண்டிவனம் பகுதி மக்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் எட்டும் தூரத்தில்தான் உள்ளன. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பரிபூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.