பெட்டியின் மேல் ஒரு பெட்டி

1975 ஆகஸ்டு 15-ல் சென்னையில் டெலிவிஷன் நிலையம் பிறந்தது. பிற்பாடு நசரத்பேட்டைக் கூரைகளிலும் அலுமினியக் கம்பிகள் பட்டணத்தை நோக்கித் தவம் கிடந்தன. அலை குன்றினால் படத்தில் வெண்புள்ளி மழை பொழியும். ஆனாலும் முகம் தெரியும்.

டிஜிட்டல் முறை அப்படியல்ல. படமும் ஒலியும் பூஜ்யம், ஒன்று என்ற எண்களாக வருகின்றன. அவற்றை மீண்டும் படமாக்குவது அந்தச் சிறு பெட்டி. எண்கள் சரியாக வந்தால் படம் பளிங்கு. குறைந்தாலோ கட்டங் கட்டமாய் உறைந்துவிடும். ஒரு சானல் ஓடிய இடத்தில் பல ஓடும் என்பது லாபந்தான். ஆனால் பெட்டிக்குள் பூட்டும் இருக்கிறதே, ஐயா! 2003 செப்டம்பர் 1-ல் முதன்முதலாகச் சென்னையில் அந்தப் பூட்டு விழுந்தது. இலவசச் சானல்களுக்கு, வரி நீங்கலாக, மாதம் 72 ரூபாய். கட்டணச் சானல் வேண்டுமானால் பெட்டி வாங்கியாக வேண்டும். பெரும்பாலோர் 72 ரூபாயோடு நின்றுகொண்டார்கள். கெட்டிக்காரர்கள்! 2017 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கேபிள் நிறுவனம் அந்தப் பெட்டியை விலையில்லாமலே கொடுக்கத் தொடங்கியது.