கல்விசார் ஆங்கிலச் சொற்களும் ஒப்பீட்டு நடையும்: மாங்கேணி வட்டாரக் கற்றல் சூழல்

கல்விசார் ஆங்கிலச் சொற்றொகுதி என்பது, அன்றாடப் பேச்சுக்குரிய எளிய சொற்களுக்கும் ஒவ்வொரு துறைக்குமே உரிய கலைச்சொற்களுக்கும் இடையில் நின்று, எல்லாத் துறைப் பாடநூல்களிலும் திரும்பத் திரும்ப வரும் பொதுச் சொற்களின் தொகுதியாகும். காரணி என்னும் பொருள்தரும் 'ஃபாக்டர்', மாறுபடுதலைக் குறிக்கும் 'வேரி', முறையே என்பதற்கு நேரான 'ரெஸ்பெக்டிவ்லி', குறிப்பிடத்தக்க என்பதற்கு நேரான 'சிக்னிஃபிகன்ட்' ஆகியன இவ்வகையின. இவற்றுள் இரு பொருள்களை ஒப்பிடவும் வேறுபடுத்தவும் உதவும் சொற்கள் தனியே நோக்கத்தக்கவை. விஞ்ஞானமாயினும் வரலாறாயினும் புவியியலாயினும், மாணவரிடம் கேட்கப்படும் வினாக்களிற் கணிசமானவை ஏதோ ஒரு வகையில் ஒப்பீட்டையே வேண்டி நிற்கின்றன.

மாங்கேணி, மட்டக்களப்பு மாவட்டத்தின் வட பகுதியில், கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவில், வாழைச்சேனையிலிருந்து வாகரை வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, கடலுக்கும் களப்புக்கும் அண்மையில் அமைந்த ஊராகும். மீன்பிடியும், மட்டக்களப்பு வழக்கில் வேளாண்மை என்றே சுட்டப்படும் நெற்செய்கையும் இவ்வட்டாரத்தின் முதன்மைத் தொழில்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஏற்பட்ட ஆழிப்பேரலையும், 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வாகரைப் பகுதியில் நிகழ்ந்த போரும் இடப்பெயர்வும் இங்குள்ள பிள்ளைகளின் படிப்பை அடுத்தடுத்துக் குலைத்தன. தொடர்ச்சியான வாசிப்பினால் மட்டுமே படியும் சொல்லறிவு இத்தகைய முறிவுகளில் முதலில் அடிபடும் என்பதை மறத்தலாகாது.

மாவட்டத்தில் ஆங்கிலக் கல்வி பழமையானதெனினும் அது நகரைச் சுற்றியே வேரூன்றியது. 1814 இல் மட்டக்களப்புக்கு வந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடக்கிய பணியிலிருந்து மெதடிஸ்த மத்திய கல்லூரி வளர்ந்தது. 1873 இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த காலந்தொட்டுத் தாய்மொழிவழிக் கல்வி படிப்படியாகப் பரவியபோது, வடக்கேயுள்ள கரையோர ஊர்களின் பிள்ளைகளும் பாடங்களைத் தமிழிற் கற்கும் வாய்ப்பைப் பெற்றனர், ஆங்கிலம் அவர்களுக்கு ஒரு தனிப் பாடமாயிற்று. அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் 1987 இல் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது.

தாய்மொழிவழிக் கல்வி இயல்வதற்குக் கலைச்சொல்லாக்கம் பெரிதும் துணைநின்றது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1936 இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவரையும் அவர்போன்ற பிறரையும் அடியொற்றி இலங்கையில் உருவான பாடநூல்களின் வழியாக, இன்று இவ்வட்டாரத்து மாணவர் ஒருவர் ஒளித்தொகுப்பு, அமுக்கம், அடர்த்தி முதலிய கலைச்சொற்களைத் தெளிவாக அறிந்திருக்கிறார். அவற்றுக்கு நேரான ஆங்கிலச் சொற்களையும் சொல்லடைவுகளில் தேடிக்கொள்ளலாம். ஆனால் நடுவே நிற்கும் பொதுக் கல்விச் சொற்களை எவரும் தம் பொறுப்பாகக் கொள்வதில்லை: ஆங்கில ஆசிரியர் அவற்றைப் பாடநூற் சொற்களென விடுகிறார், பாட ஆசிரியர் அவற்றை ஆங்கிலமென விடுகிறார்.

இவ்விடைவெளியை ஆய்வாளர்களும் சுட்டியுள்ளனர். கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் 1979 இல், பேச்சுத் திறனையும் கல்விசார் மொழித்திறனையும் வெவ்வேறெனப் பிரித்துக் காட்டி, முன்னது விரைவில் கைகூடினும் பின்னதற்குப் பல ஆண்டுகள் தேவையென நிறுவினார். நியூசிலாந்தைச் சேர்ந்த அவரில் கொக்ஸ்ஹெட் 2000 ஆம் ஆண்டில், 28 துறைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 35 இலட்சம் சொற்களைக் கொண்ட தொகுப்பை ஆராய்ந்து, 570 சொற்குடும்பங்கள் அடங்கிய கல்விசார் சொற்பட்டியலை வெளியிட்டார். சொற்குடும்பம் என்பது ஒரு வேரிலிருந்து கிளைத்த வடிவங்களை ஒன்றாகக் கொள்ளும் அலகாகும். இப்பட்டியலின் சொற்கள் கல்விநூல்களில் ஏறத்தாழ 10 சதவீதமாகவும் புனைகதைகளில் 1.4 சதவீதமாகவும் அமைந்தன. ஆகவே கதைப்புத்தகங்களை வாசிக்கச் செய்தால் ஆங்கிலம் தானே வந்துவிடும் என்னும் பரவலான அறிவுரை, மொழிமீது விருப்பத்தை வளர்க்குமெனினும், இச்சொற்களைப் பொறுத்தவரை போதாது.

பட்டியலை மனனஞ் செய்வதும் குறைவான பயனையே தருகிறது. தமிழ்வழி மாணவரிடம் ஏற்கெனவே காரணி, சார்பு, விகிதம், பகுப்பாய்வு முதலிய கல்வித்தமிழ்ச் சொற்கள் பொருளோடு படிந்துள்ளன. கருத்து அவரிடம் உண்டு, ஆங்கிலப் பெயர் மட்டுமே புதிது. எனவே ஆங்கிலச் சொல்லைச் சந்தைச் சொல்லோடு இணைப்பதைவிடப் பாடநூல் தமிழோடு இணைப்பதே நேர்வழியாகும்.

ஒப்பீட்டில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகப் புலப்படும். தொல்காப்பிய உரையாசிரியர்கள் ஐந்தாம் வேற்றுமையின் ஒப்புப் பொருளை, ஒன்று மற்றொன்றைப் போன்றதெனக் காட்டும் உவமப்பொரு எனவும், ஒன்று மற்றொன்றினும் மிகுந்ததோ குறைந்ததோ எனக் காட்டும் உறழ்பொரு எனவும் இரண்டாகப் பிரித்தனர். ஆங்கிலப் பாடங்களில் 'கொம்பெயார்' எனவும் 'கொன்ட்ராஸ்ட்' எனவும் பிரித்துக் கற்பிக்கப்படுவது ஏறக்குறைய இதுவே. வேற்றுமை உருபுகளிலும் ஓர் இணக்கம் உண்டு: தமிழில் 'அதற்கு நிகரானது' என நான்காம் வேற்றுமையும் 'அதிலிருந்து வேறுபட்டது' என ஐந்தாம் வேற்றுமையும் வருவதைப்போல, ஆங்கிலத்தில் 'சிமிலர்' என்பதன்பின் 'டு'வும் 'டிஃபரன்ட்' என்பதன்பின் 'ஃப்ரொம்'மும் வருகின்றன. இதைக் காட்டினால் மாணவர் இவ்விரு முன்னிடைச் சொற்களையும் எளிதில் மறவார்.

இணங்காத இடங்களே பிழைகளைப் பிறப்பிக்கின்றன. 'கடல் களப்பைவிட ஆழமானது' என்னும் தொடரில் ஒப்பீடு முழுவதையும் 'விட' என்பதே தாங்க, 'ஆழமானது' மாறாது நிற்கிறது. ஆங்கிலத்திலோ 'டீப்' என்பது 'டீப்பர்' எனத் திரிந்து, அதன்பின் 'தான்' வர, ஒப்பிடப்படும் பொருள் இறுதியில் அமைகிறது. கூடுதலைத் தனிச்சொல்லாற் கூறிப் பழகிய தமிழ் மாணவர் 'மோர் டீப்பர்' என இரட்டித்து எழுதுவது இதனாலேயே. தமிழில் வேறுபாட்டை 'கடலோ' என ஓர் ஓகாரமும், ஒற்றுமையைக் 'களப்பும்' என ஓர் உம்மையும் சுமந்துவிட, ஆங்கிலம் அதே வேலைக்கு 'வெயர்அஸ்', 'லைக்வைஸ்' எனத் தனிச் சொற்களை வேண்டுகிறது. 'வைல்' என்பதைக் காலப்பொருளில் மட்டும் அறிந்தவர், அது வேறுபாட்டைக் குறிக்கும் இடத்தில் தடுமாறுவார். 'ஒன் தி அதர் ஹான்ட்' மறுபக்கத்தை முன்வைக்கிறது, 'ஒன் தி கொன்ட்ரரி' முன்சொன்னதை மறுக்கிறது; இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது உயர்தர மாணவரிடமும் காணப்படும் பிழை.

இணைப்புச் சொற்களுக்கு முன்னர் ஒப்பீட்டு அடிப்படை வேண்டும். அடிப்படை என்பது, இரு பொருள்களையும் எந்தப் பண்பு குறித்து அருகருகே வைக்கிறோமோ அப்பண்பாகும். மட்டக்களப்பு வாவி நீளமானது, பனிச்சங்கேணியிற் கடலோடு சேரும் உப்பாற்றுக் களப்பு உவர்ப்பானது என்பது ஒப்பீடாகாது. நீளத்தையும் உவர்ப்பையும் தனித்தனியே எடுத்து இரண்டுக்கும் பொருத்திக் காணும்போதே அது ஒப்பீடாகிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவி, கோடையில் முகத்துவாரத்தை மணற்றிட்டு அடைக்க ஒருநிலையிலும், வடகீழ்ப் பருவமழையில் வெள்ளம் அதை உடைக்க வேறொரு நிலையிலும் இருப்பதால், ஒரே நீர்நிலையை இரு பருவங்களில் ஒப்பிடவும் இயலும். பெரும்போகத்தையும் சிறுபோகத்தையும் நீர், விளைச்சல், செலவு என்னும் மூன்று அடிப்படைகளில் ஒப்பிடும் பயிற்சியில் மாங்கேணி மாணவர் பொருளுக்காகத் திணறவேண்டியதில்லை. அவருடைய கவனம் முழுவதும் சொல்லின் மீதும் தொடரின் மீதும் நிற்கும். அறியாத நகரங்களையும் காணாத பனிக்காலத்தையும் ஒப்பிடச் சொல்லும் பயிற்சிகள் இந்த வாய்ப்பை வீணாக்குகின்றன.

எழுதும் முறை இரண்டு: ஒரு பொருளை முழுதும் கூறி மற்றதைத் தொடர்தல், அல்லது ஒவ்வோர் அடிப்படையிலும் இரண்டையும் மாறிமாறிக் கூறல். தொடக்கநிலையில் பின்னதே ஏற்றது, ஏனெனில் அது ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒப்பீட்டுச் சொல்லை வற்புறுத்துகிறது. கணிதப் பாடத்தில் தொடைகளுக்காகக் கற்கும் வென் வரிப்படத்தை இதற்குரிய முன்வரைவாகவும் பயன்படுத்தலாம்: இடைவெட்டில் ஒற்றுமைகள், இரு புறங்களிலும் வேறுபாடுகள்.

க.பொ.த. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் ஒரு பாடமாக இருப்பினும் அதன் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான கணிப்பிற் சேர்வதில்லை. ஆகவே தமிழில் விஞ்ஞானம் கற்கும் மாணவர் அதற்கு நேரமொதுக்கத் தயங்குவது இயல்பே. அதே மாணவர், 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் முழுப் பல்கலைக்கழகமான வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்துக்கோ விவசாய பீடத்துக்கோ செல்லும்போது, விரிவுரையும் நூலும் ஆய்வுகூட அறிக்கையும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. இரு மாதிரிகளின் அளவீடுகளை ஒப்பிட்டு எழுதுமாறு பணிக்கும் ஆய்வுகூட அறிக்கையில், அவர் தமிழில் அறிந்த காரணியும் விகிதமும் முறையேயும் ஆங்கிலத்தில் முதன்முறையாக ஒருங்கே தேவைப்படுகின்றன.