பத்து மாச அட்வான்ஸ்: எங்கிருந்து வந்தது?

போன மாதம் நாங்கள் வீடு மாறினோம். எனக்கு வயது 21, இது எட்டாவது வீடு. சென்னைப் புறநகரில் வாடகை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய சாதனை இல்லை :-)

பி.காம் படிக்கிற பாவத்துக்கு, இந்த முறை செலவுக் கணக்கை நான்தான் எழுதினேன். குட்டியானை இரண்டு நடை, ஏற்றி இறக்க ஆட்கள் சேர்த்து 6,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 12,000. பழைய வீட்டில் பெயிண்டிங் என்று பிடித்துக்கொண்டது 9,000. பால் காய்ச்ச, பூட்டு வாங்க, குழாய் மாற்ற 3,000. மொத்தம் 30,000. இதெல்லாம் தனி. புது வீட்டு அட்வான்ஸ், பத்து மாத வாடகை, 1,20,000!

பழைய வீட்டு அட்வான்ஸ் 90,000 கையில் வந்திருந்தால் சமாளித்திருக்கலாம். "புதுசா வர்றவங்க அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்" என்றார் ஓனர். நாற்பது நாள் ஆனது. அதற்குள் அப்பா ஒரு லட்சம் இரண்டு வட்டிக்கு வாங்கிவிட்டார். நாற்பது நாளுக்கு இரண்டு மாத வட்டி, 4,000. சி.ஏ. இன்டர் பரீட்சைக்கு என்று எடுத்து வைத்திருந்த பணமும் இதில் போனது. பரீட்சை அடுத்த முறைக்குத் தள்ளிப்போனது.

கணக்கை மூடும்போதுதான் ஒன்று உறைத்தது. வண்டிக்காரரிடம் 300 ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசிய நாங்கள், 1,20,000 பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏம்ப்பா பத்து மாசம்?" என்று கேட்டேன். "எப்பவும் அப்படித்தான்டா" என்றார் அப்பா.

எப்பவுமா? தேடிப் பார்த்தேன். இல்லை!

யுத்த காலத்துச் சட்டம்

கதை இரண்டாம் உலகப்போரில் ஆரம்பிக்கிறது. நகரத்தில் வீட்டுக்குத் தட்டுப்பாடு, வாடகை ஏறுகிறது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941-ல் மதராஸ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1945-ல் இன்னொரு ஆணை. போர் முடிந்தும் தட்டுப்பாடு முடியவில்லை. அதனால் 1946-ல் சட்டமாகவே போட்டார்கள், 1949-ல் புதுப்பித்தார்கள். கடைசியாக வந்தது 1960-ம் வருடத்துச் சட்டம். நம் தாத்தா, அப்பா காலம் முழுக்க நடைமுறையில் இருந்தது இதுதான்.

அதில் மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, நியாய வாடகை. ஓனருக்கும் குடித்தனக்காரருக்கும் ஒத்துவராவிட்டால் ரென்ட் கன்ட்ரோலர் நிர்ணயிப்பார். 1973 திருத்தத்துக்குப் பிறகு, குடியிருக்கும் வீட்டுக்கு அதன் மொத்த மதிப்பில் வருடத்துக்கு 9 சதவீதம் என்று கணக்கு. இரண்டு, நினைத்தபோது காலி செய்யச் சொல்ல முடியாது. வேண்டுமென்றே வாடகை கட்டாதது, உள்வாடகைக்கு விட்டது, ஓனருக்கே வீடு தேவைப்படுவது என்று சட்டம் சொன்ன காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் மேட்டர். அட்வான்ஸாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து இல்லை சாமி, ஒன்று! படித்துவிட்டு நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா என்னைப் பார்த்தார்.

ஒன்று எப்படிப் பத்தானது?

இந்தச் சட்டம் எல்லா வீட்டுக்கும் பொருந்தவில்லை என்பது உண்மை. கட்டி முடித்து ஐந்து வருடம் ஆகாத கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேல் உள்ள வீடுகளுக்கும் விலக்கு இருந்தது, ஆனால் அதை 1986-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று ரத்து செய்துவிட்டது. ஆக, பெரும்பாலான வீடுகள் சட்டத்துக்குள்தான். அப்படியும் பத்து மாசம் ஊர் வழக்கமானது.

காரணம் பயம் என்று நினைக்கிறேன். ஓனர் பக்கம் நின்று பாருங்கள். ரிட்டயர்டு மனிதர், மாடியில் ஒரு போர்ஷன். குடித்தனக்காரர் வாடகையை நிறுத்திவிட்டால் ரென்ட் கன்ட்ரோலர், அப்பீல், ஹைகோர்ட் என்று வருடக்கணக்கில் அலைய வேண்டும். அதுவரை வாடகைக்கு என்ன வழி? பத்து மாசப் பணம் கையில் இருந்தால் கொஞ்சம் தூக்கம் வரும். குடித்தனக்காரரைக் காப்பாற்றப் போட்ட சட்டமே ஓனரை பயமுறுத்தி, அந்தப் பயத்துக்கான விலையைக் குடித்தனக்காரர் தலையிலேயே கட்டிவிட்டது.

சரி, யாரும் ஏன் புகார் செய்யவில்லை? வீடு தேடி அலைகிறவன் சட்டம் பேசினால் அடுத்த ஆளுக்கு வீடு போய்விடும், அவ்வளவுதான். எழுத்திலும் பிடி கிடையாது. 1908 பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் நமக்கெல்லாம் தெரிந்த 11 மாத அக்ரிமென்ட்.

இன்னொன்று. நம் பாடத்தில் டெபாசிட் என்பது திருப்பித் தர வேண்டிய கடன், லயபிலிட்டி. ஆனால் வாங்கினவர் அதை வருமானம் போலச் செலவழித்துவிடுகிறார். அதனால்தான் புதுசாக வருபவர் பணத்தில் பழைய ஆளுக்கு செட்டில் செய்கிறார்கள். நடுவில் மாட்டுபவர் வட்டி கட்டுகிறார், எங்க அப்பா மாதிரி.

இப்போது என்ன சட்டம்?

1960 சட்டம் இன்று இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ம் வருடத்துச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நியாய வாடகை போய்விட்டது, பேசிக்கொண்டதுதான் வாடகை. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். 11 மாதம் என்றாலும் தப்ப முடியாது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும்.

ஆனால் அந்த மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வாசகம் இருக்கிறது: வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய. அதாவது பத்து மாசம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டால் பத்து மாசம்தான்! மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது. அது மாநிலங்களுக்கு ஒரு மாதிரிதான், கட்டாயம் இல்லை.

சரி, எப்படிக் குறைப்பது?

சட்டம் கதவைத் திறந்து வைத்திருப்பதால் பேரம்தான் வழி. பேரத்துக்கு ஒரு கணக்கு தருகிறேன். 1,20,000-க்குப் பதில் மூன்று மாத அட்வான்ஸ் 36,000 கொடுத்தால் வித்தியாசம் 84,000. ஓனர் அதை பேங்கில் 6 சதவீதத்துக்குப் போட்டால் மாதம் 420 ரூபாய்தான் வரும். அதையே நாம் இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,680 கட்ட வேண்டும். "வாடகை 700 ரூபாய் கூடத் தர்றோம், அட்வான்ஸ் மூணு மாசம் போதும்" என்றால் இருவருக்குமே லாபம்! சொந்த சேமிப்பிலிருந்து கொடுப்பவர்களுக்கு இது பொருந்தாது. கடன் வாங்குகிறவர்களுக்குத்தான்.

மற்றவை சின்ன விஷயங்கள். அட்வான்ஸை பேங்க் வழியாகக் கொடுங்கள், முழுத் தொகையும் அக்ரிமென்டில் இருக்கட்டும். பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், அட்வான்ஸ் எந்தத் தேதியில் திரும்ப வரும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடிபோகும் அன்றே சுவர், குழாய் எல்லாம் போட்டோ எடுத்துவிடுங்கள். முக்கியமாக, ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்தால் ஓனருக்கு நஷ்டம். பேரம் பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது.

பழைய ஓனர் தந்த 81,000 அப்படியே கடனுக்குப் போனது. மீதி 19,000 இன்னும் பாக்கி. இந்தக் கணக்கை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஆடி மாதத்தில் ஒரு துடைப்பம்கூட வாங்காதவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த தடவை ஆடியிலயே பேசி முடிச்சிடலாம். பாலை மட்டும் ஆவணி பொறந்ததும் காய்ச்சிக்கலாம்."

உங்கள் வீட்டில் எத்தனை மாச அட்வான்ஸ்? சொல்லிவிட்டுப் போங்கள்!