பாடப்புத்தகத்தில் ஏறாத பெயர்

கல்லூரி இரண்டாம் செமஸ்டர் கால்குலஸில் முடிவிலாத் தொடர்கள் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும்: 1 − 1/3 + 1/5 − 1/7 என்று போய்க்கொண்டே இருந்தால் ‘பை’யின் கால்பங்கு வரும். புத்தகம் அதை லைப்னிட்ஸ் தொடர் என்றது. அவர் கண்டது 1670-களில். கேரளத்துச் சங்கமகிராம மாதவரோ 14-ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் பரம்பரையில் வந்த ஜ்யேஷ்டதேவர் அதே தொடரை நிரூபணத்தோடு, 16-ஆம் நூற்றாண்டில், ‘யுக்திபாஷா’வில் மலையாளத்திலேயே எழுதிவைத்தார்.

ஆயிரம் உறுப்புகளைக் கூட்டி நாலால் பெருக்கினாலும் 3.1406 தான் வரும், அவ்வளவு மந்தம். அதைச் சரிக்கட்ட, கடைசியில் சேர்க்க ஒரு திருத்தமும் வைத்திருந்தார்கள். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

கம்பெனி அதிகாரி சார்லஸ் விஷ்ஷின் கட்டுரை 1834-லேயே இதைச் சொல்லியும் எடுபடவில்லை. 1940-களில் சென்னைக் கணிதப் பேராசிரியர் சி.டி. ராஜகோபால் மறுபடி எடுத்து எழுதினார். அதன் பிறகும் பல வருஷம் மாதவர் பெயர் நம் பாடப்புத்தகத்தில் ஏறவில்லை.