இழையத்தின் இறுக்கமும் புற்றுக்கலத்தின் நகர்வும்

புற்றுக்கலம் தோன்றிய இடத்திலேயே தங்கிவிட்டால் அதை வெட்டியகற்றுவது பெரும்பாலும் கைகூடும். அது நகரும்போதுதான் உயிருக்கு ஆபத்து. அந்நகர்வில் கலத்தின் மரபணுக் கோளாற்றோடு, சுற்றியுள்ள இழையத்தின் அமைப்புக்கும் பங்குண்டு.

பசறை, மடுல்சீமை, நமுனுகுலை எனப் பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் இதை விளங்கிக்கொள்ள வாயே போதும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கையும் கன்னத்தில் அடக்கி மெல்வது அங்கே தலைமுறைப் பழக்கம். பாக்கிலுள்ள அரிகோலின், நாரரும்பர்க் கலங்களைத் தூண்டிக் கொலாஜன் நார்களைப் பெருக்குகிறது. பாக்கின் செம்போ, அந்நார்களைக் குறுக்கே பிணைக்கும் லைசில் ஒக்சிடேஸ் நொதியத்தை முடுக்குகிறது. கன்னத்தின் உட்புறம் வெளிறி இறுகும், காரம் எரியும், வாய் திறப்பது குறையும். 1952இல், கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு ஷ்வார்ட்ஸ் என்பவர் விவரித்த இந்நிலை, வாய்ப்புற்றுக்கு முன்னோடியாகக்கூடியது. பாக்கையே புற்றுநோய்க் காரணி என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது.

மேலணியில் தோன்றும் புற்றுக்கலம் முதலில் அடித்தளமென்சவ்வை நொதியங்களால் அரித்துத் துளைக்க வேண்டும். அதன்கீழ் இருப்பது கொலாஜன் வலை. கலத்தின் உடல் வளைந்து நெளியும். கரு அவ்வளவாக நெளியாது. வலையின் கண் கருவுக்குப் போதாவிட்டால், கலம் நாரை வெட்ட வேண்டும், அல்லது நின்றுவிட வேண்டும். நார்கள் கட்டியின் விளிம்புக்குச் செங்குத்தாக வரிசைப்பட்டாலோ, அவற்றைப் பற்றிக்கொண்டு கலங்கள் வெளியேறுகின்றன. விறைப்பான தளத்தில் கலத்தின் பிடியும் வலுக்கிறது. வாய்ப்புற்றில் கலங்கள் பெரும்பாலும் கூட்டமாகவே ஊடுருவும். நரம்புகளை ஒட்டிச் செல்வதும் உண்டு.

ஆகவே ஒரே நார்த்திரட்சி தடையாகவும் இருக்கலாம், தடமாகவும் ஆகலாம். பாக்கால் இவ்வாறு இறுகிய வாயில் எழும் புற்று ஆழம் குறைந்தும், கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கு அரிதாகவும் பரவுவதாகச் சில இந்திய ஆய்வுகள் காட்டின. இறுக்கம் என்றாலே வேகமான பரவல் என்று முடிவுகட்டுவது அவசரம். அதை ஆறுதலாகக் கொள்வது அதைவிடத் தவறு. இறுகிய வாயில் புற்று தோன்றும் வாய்ப்பு கூடுதல் என்பதில் ஐயமில்லை.

ஊடுருவிய ஆழத்துக்குச் சிகிச்சையில் தனி மதிப்புண்டு. இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டியும் 5 மில்லிமீற்றருக்கு மேல் ஆழ்ந்திருந்தால், இன்றைய வகைப்பாட்டில் அது முதற்படியைத் தாண்டியதே.

பாக்கை நிறுத்தினாலும் இறுகிய நார்கள் எளிதில் இளகுவதில்லை. மேலும் இறுகுவதையே தடுக்கலாம். மூன்று விரல்களை அடுக்கி நுழைக்குமளவு வாய் திறக்க முடியாதவர், வலி வரும்வரை காத்திராமல் தோட்ட மருத்துவ நிலையத்திலோ பதுளை வைத்தியசாலையிலோ வாயைக் காட்ட வேண்டும்.