காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்கள் இணையத்தில் பாதுகாப்பாக உள்ளனவா?

1990 செப்டம்பர் 5ஆம் திகதி, மட்டக்களப்பு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய அகதி முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தினரால் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. வாவியின் இரு கரைகளிலும் இப்படி உறவுகளைத் தேடும் குடும்பங்கள், பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், சாட்சியம் என அனைத்தையும் ஆணைக்குழுக்களிடமும் அமைப்புகளிடமும் பல தடவைகள் கொடுத்துவிட்டன. இத்தகைய விபரங்கள் இணையத்தளம் ஒன்றின் தரவுத்தளத்தில் சேரும்போது, அவற்றைக் காப்பது சேகரித்தவரின் கடமை.

இந்த ஆபத்து கற்பனையல்ல. உலகெங்கும் பிரிந்த குடும்பங்களைத் தேடிச் சேர்க்கும் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கணினிகளில் ஊடுருவல் நடந்தது 2022 ஜனவரியில் தெரியவந்தது. 515,000இற்கும் மேற்பட்டோரின் விபரங்கள் அந்நியர் கைக்கு எட்டின. உரிய நேரத்தில் திருத்தப்படாத மென்பொருள் ஓட்டை ஒன்றே வழிவிட்டது.

இன்னொரு வழி 'எஸ்.கியூ.எல். உட்செலுத்தல்'. படிவத்தில் பெயர் கேட்கும் கட்டத்தில், தாக்குபவர் பெயருக்குப் பதிலாக ஒரு மேற்கோள் குறியையும் தரவுத்தளத்துக்கான கட்டளையையும் எழுதுகிறார். கவனமின்றி எழுதப்பட்ட நிரல் அதனைப் பெயராகக் கொள்ளாமல் கட்டளையாக நிறைவேற்றுகிறது. ஒருவரின் பதிவுக்குப் பதிலாக எல்லோரது பதிவுகளும் வெளியே வந்துவிடலாம். 2015 ஒக்டோபரில் பிரித்தானியாவின் டோக்டோக் நிறுவனத்திடமிருந்து 156,959 வாடிக்கையாளர்களின் விபரங்கள் இவ்வாறுதான் திருடப்பட்டன. கைவிடப்பட்டது போலக் கிடந்த பழைய பக்கங்களே வாசலாயின. நிறுவனத்துக்கு 4 இலட்சம் பவுண் அபராதம் விதிக்கப்பட்டது.

தடுக்கும் முறை பழையது, செலவும் குறைவு. கட்டளையையும் பயனர் எழுதுவதையும் ஒன்றாக ஒட்டாமல், தனித்தனியாகத் தரவுத்தளத்துக்கு அனுப்ப வேண்டும். அப்போது எதை எழுதினாலும் அது வெறும் எழுத்தாகவே கொள்ளப்படும். இணையத்தளம் பயன்படுத்தும் தரவுத்தளக் கணக்குக்குத் தேவையான அனுமதி மட்டும் போதும். பிழைச் செய்திகளில் தரவுத்தளத்தின் உள்விபரங்கள் தெரியக்கூடாது. மென்பொருளை இற்றைப்படுத்த வேண்டும், பயன்படாத பக்கங்களை அகற்ற வேண்டும். சாட்சியங்களை மறைகுறியாக்கி வைப்பது நல்லது.

விபரம் கொடுப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. இதை எங்கே வைப்பீர்கள்? யார் பார்ப்பார்கள்? எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? அடையாள அட்டை இலக்கம் உண்மையில் தேவையா? சேகரிக்காத விபரத்தை எவராலும் திருட முடியாது. வங்கி அட்டை இலக்கம் திருடுபோனால் புதியதை வாங்கலாம். சாட்சி சொன்னவரின் பெயரும் வீடும் வெளியே போனால் அதை மாற்ற வழியில்லை.