மதியிறுக்கமும் கைக்குழந்தையின் பார்வையும்

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் மருத்துவ உலகில் பரவலாக அறியப்பட்டது 1943இல் லியோ கானர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான். பால்ட்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 8 சிறுவர், 3 சிறுமியர் என 11 பேரைப் பற்றி அதில் எழுதினார். தூக்குவதற்குக் கை நீட்டினால் மற்ற குழந்தைகள் உடலை முன்னே கொடுக்கும். இவர்கள் அப்படிச் செய்ததில்லை என்று தாய்மார் பலர் சொன்னதை அவர் குறித்திருந்தார். எனவே இது பிறவியிலேயே அமைவது என்பது அவர் முடிவு. ஆனால் அதே கட்டுரையில் பெற்றோர் பலரிடம் அன்பின் கதகதப்பு குறைவு என்றும் எழுதியிருந்தார். சில ஆண்டுகளில் அவரே அதை அழுத்திப் பேசினார். ‘குளிர்பெட்டித் தாய்’ என்ற பழிச்சொல் அவ்வாறு பிறந்தது; 1967இல் புரூனோ பெத்தல்கைம் எழுதிய நூல் அதற்கு மேலும் வலுச் சேர்த்தது. மதியிறுக்கமுள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்டு ரிம்லாண்டு, காரணம் உடலியல் சார்ந்தது என்று 1964இலேயே வாதிட்டிருந்தும் பழி உடனே நீங்கவில்லை.

பழியை மறுக்கச் சான்று வேண்டும். குழந்தைக்கு மூன்று, நான்கு வயதான பின்பே மதியிறுக்கம் உறுதி செய்யப்பட்டு வந்ததால், முதல் ஆண்டில் நடந்தவற்றுக்குத் தாயின் நினைவு ஒன்றே ஆதாரமாக இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் நினைவை யார் நம்புவார்?

வீட்டு வீடியோ கேமரா இதை மாற்றியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜூலி ஆஸ்டர்லிங், ஜெரால்டின் டாசன் இருவரும் முதல் பிறந்தநாள் வீடியோக்களைத் திரட்டி 1994இல் ஆய்வை வெளியிட்டனர். பின்னாளில் மதியிறுக்கம் உறுதியான 11 குழந்தைகளும், இயல்பான வளர்ச்சியுள்ள 11 குழந்தைகளும் அவற்றில் இருந்தனர். பிறந்தநாள் நல்ல தேர்வு. கேக்கைச் சுற்றி உறவினர் கூடி, ஆளுக்கொரு பக்கம் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். யாரும் திட்டமிடாத ஒரு சோதனை அது. பெயர் கேட்டுத் திரும்புவது, விரலால் சுட்டுவது, பொருளை எடுத்துக் காட்டுவது, பிறர் முகத்தைப் பார்ப்பது ஆகிய நான்கும் முதல் குழுவில் குறைவாக இருந்தன. அதிகம் வேறுபடுத்திக் காட்டியது முகம் பார்ப்பதுதான்.

ஓராண்டுக்கு முன்பு என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு, கண்ணசைவைப் பதியும் கருவிகள் வந்தபின் விடை தேட முடிந்தது. வாரன் ஜோன்சும் அமி கிளினும் குழந்தைகளை 2 மாதம் முதல் தொடர்ந்து கவனித்து, 2013இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். பின்னாளில் மதியிறுக்கம் உறுதியான குழந்தைகளும் 2 மாத வயதில் பிறர் கண்களை நன்றாகவே பார்த்தனர். 2 முதல் 6 மாதத்துக்குள் அப்பார்வை குறையத் தொடங்கியது. கண்ணைப் பார்க்கும் இயல்பு தொடக்கத்திலேயே இல்லை என்ற எண்ணத்துக்கு இது மாறானது. எனினும் இம்முடிவு சில குழந்தைகளை மட்டும் வைத்து எட்டப்பட்டது. ஆகவே ஒரு குழந்தை கண் பார்க்கவில்லை என்பதை மட்டும் கொண்டு மதியிறுக்கம் என்று சொல்லிவிட முடியாது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 18, 24 மாதங்களில் எல்லாக் குழந்தைகளையும் இதற்காகச் சோதிக்கப் பரிந்துரைக்கிறது. அதற்குப் பரவலாகப் பயன்படும் எம்-சாட் வினாத்தாளில், பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்புகிறதா என்பதும் ஒரு கேள்வி. அதற்கு விடை தருபவர் பெற்றோர்.